பஞ்சம் என்று எழுதாத கோப்பு

1943 வங்காளப் பஞ்சத்துக்கு சர்ச்சில்தான் காரணம் என்று எல்லாரும் சொன்ன பிறகு, கல்கத்தாவிலும் மாவட்டங்களிலும் உட்கார்ந்திருந்த அதிகாரிகளை ஏன் இழுக்க வேண்டும், போர்க்காலத்தில் மேலிடத்து உத்தரவை நிறைவேற்றியவர்கள்தானே அவர்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில், இதற்காக யாராவது தண்டிக்கப்பட்டார்களா என்றும் கேட்டிருக்கிறீர்கள். முதல் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. யார் என்ன செய்தார்கள் என்பது வரலாறு. மேலே இருப்பவரின் பொறுப்பு கூடினால் கீழே இருப்பவரின் பொறுப்பு குறையுமா என்பது வேறு. இந்த இரண்டாவதுக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன்: குறையாது. பொறுப்பு ஒரு பானைச் சோறு அல்ல, ஒருவர் அள்ளினால் அடுத்தவருக்குக் குறைவதற்கு. லண்டன் கப்பல் தராதது லண்டனின் கணக்கு. கல்கத்தா தன் கையில் இருந்ததைச் செய்யாதது கல்கத்தாவின் கணக்கு. இரண்டையும் கூட்டி வகுக்க வேண்டியதில்லை.

இப்படிப்பட்ட விஷயத்தில் நாற்காலி நாற்காலியாகப் போவதுதான் முறை. அந்த நாற்காலியில் இருந்தவருக்கு என்ன தெரியும், எந்தத் தேதியில் தெரியும்? அவர் கையெழுத்துக்கு என்ன நடக்கும்? கையெழுத்துப் போட்டிருந்தால் அவர் எதை இழந்திருப்பார்? உயிரையா, வேலையையா, மேலதிகாரியின் நல்லெண்ணத்தையா? வங்காளத்தில் இந்த மூன்றாவது கேள்விக்கு விடை பெரும்பாலும் கடைசி ஒன்றுதான். நாஜி ஜெர்மனியில் ஒரு குமாஸ்தா மறுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற விவாதம் வேறு வகை. இங்கே மறுத்தவரைச் சுடும் ஆள் யாரும் இல்லை.

உறுதியாகத் தெரிந்ததிலிருந்து தொடங்குகிறேன். 1942 மார்ச் 8 அன்று ரங்கூன் விழுந்தது, பர்மா அரிசி நின்றது. ஏப்ரல் முதல் வாரத்தில் ஜப்பானியக் கப்பற்படை வங்காள விரிகுடாவுக்குள் வந்து கொழும்பையும் விசாகப்பட்டினத்தையும் குண்டு போட்டது. அந்த மாதம்தான் சென்னை நகரமே பாதி காலியானது, அரசு அலுவலகங்கள் கடலை விட்டு உள்நாட்டு ஊர்களுக்கு மூட்டை கட்டின. ஆகவே வங்காளக் கடலோரத்தில் எதிரி இறங்குவான் என்ற பயம் வெறும் பீதி அல்ல. மலாயாவில் பிடித்த படகுகளை வைத்தே ஜப்பானியர் கரையோரமாக இறங்கி முன்னேறியதை ராணுவம் அப்போதுதான் பார்த்திருந்தது. எதிரிக்குப் படகும் கிடைக்கக்கூடாது, அரிசியும் கிடைக்கக்கூடாது என்ற 'மறுப்புக் கொள்கை' அங்கிருந்து பிறந்தது.

நடைமுறையில் அது எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். கடலோர டெல்டா மாவட்டங்களில் பத்துப் பேரும் அதற்கு மேலும் ஏற்றக்கூடிய படகுகளைப் பதிவு செய்து, அப்புறப்படுத்த வேண்டும் அல்லது அழிக்க வேண்டும். பதிவானவை ஏறத்தாழ 66,500. அதில் 45,000 அளவுக்குப் போய்விட்டது. காகிதத்தில் இது போக்குவரத்துச் சாதனம். கிழக்கு வங்காளத்தில் படகு என்பது மாட்டுவண்டி, சந்தை, வயலுக்குப் போகும் பாதை எல்லாம் சேர்ந்தது. ஆற்று நடுவே உள்ள மணல்திட்டு நிலங்களில் பயிர் செய்தவன் அங்கே போக முடியவில்லை. மீனவனுக்குத் தொழில் போனது. குயவன் மண்ணைப் படகில்தான் கொண்டுவந்தான், அவனுக்கும் போனது. பின்னால் பஞ்சத்தில் முதலில் விழுந்தவர்கள் யார் என்று பார்த்தால் மீனவர்களும், கைத்தொழில் செய்தவர்களும், நிலமில்லாத கூலிகளும்தான். உத்தரவு எழுதிய அன்றே இதை ஊகித்திருக்க முடியும், மாவட்டத்தில் ஒரு மழைக்காலம் இருந்த எந்த அதிகாரிக்கும்.

அரிசி மறுப்பு அளவில் சிறியது. மிட்னாபூர், பாக்கர்கஞ்ச், குல்னா என்ற மூன்று மாவட்டங்களில் 'உபரி' என்று கருதப்பட்ட அரிசியை வாங்கி அப்புறப்படுத்தினார்கள். மொத்தம் ஏறத்தாழ 40,000 டன். மாகாணத்தின் நுகர்வோடு ஒப்பிட்டால் இது பொட்டு. ஆனால் அது நடந்த விதம் முக்கியம். கவர்னர் ஜான் ஹெர்பர்ட், தேர்ந்தெடுக்கப்பட்ட அமைச்சரவையைத் தாண்டி, நேரடியாக ஓர் இணைச் செயலருக்கு உத்தரவிட்டார். முதலமைச்சர் ஃபஸ்லுல் ஹக் இதைக் கடுமையாக எதிர்த்துக் கவர்னருக்குக் கடிதமே எழுதினார். அந்த இணைச் செயலரின் நாற்காலியை யோசித்துப் பாருங்கள். சட்டப்படி கவர்னரின் உத்தரவு, ஆனால் துறை அமைச்சருக்குத் தெரியாமல். அவசரம் என்பதால் தரகர்கள் மூலம் கொள்முதல். அரசாங்கத்தின் ஆளே சந்தையில் விலை பார்க்காமல் வாங்குகிறான் என்ற செய்தி பரவினால் கையில் நெல் வைத்திருக்கும் ஒவ்வொருவனும் என்ன செய்வான்? கதவைச் சாத்துவான். 40,000 டன்னை எடுத்ததை விட, அதை எடுத்த விதம் செய்த சேதம் பெரிது என்பது என் கணிப்பு. இதை எண்ணிக்கையில் நிரூபிக்க வழியில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அதே ஆண்டு அக்டோபர் 16-ல் மிட்னாபூர், 24 பர்கானாக்கள் என்ற இரண்டு மாவட்டங்களையும் புயல் அடித்தது. 14,500 மனித உயிர்கள், 1,90,000 கால்நடைகள். போர்த் தணிக்கை காரணமாக அந்தச் செய்தி பத்திரிகையில் வரவே இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது. மிட்னாபூர் அப்போது வெள்ளையனே வெளியேறு இயக்கத்தின் கொதிகலன். நிவாரணத்தை வேண்டுமென்றே இழுத்தடித்தார்கள் என்ற குற்றச்சாட்டு அன்றே எழுந்தது. நிதியமைச்சர் ஷியாமா பிரசாத் முகர்ஜி நவம்பரில் பதவியை விட்டார். அவருடைய மற்ற அரசியல் பற்றி யாருக்கு என்ன கருத்து இருந்தாலும், அந்த நாற்காலியில் இருந்தவர் செய்யக்கூடிய ஒன்றை அவர் செய்தார்: காரணத்தை எழுதிவிட்டு வெளியே வந்தார். வெளியே வந்து நிவாரண வேலையில் இறங்கினார்.

விலையைப் பாருங்கள். 1942 டிசம்பரில் கல்கத்தாவில் அரிசி மணங்கு 13, 14 ரூபாய். (இது வங்காள மணங்கு, 37 கிலோ. நம்மூர் 11 கிலோ மணங்கு என்று நினைத்துக் கணக்குப் போட்டால் எல்லாம் தப்பாகும்.) ஓர் ஆண்டுக்கு முன் அதில் பாதிகூட இல்லை. டிசம்பர் 20-ல் கல்கத்தாவில் குண்டு விழுந்தது, கடைகள் மூடின. ஒரு வாரத்துக்குள் அரசு வியாபாரிகளின் கையிருப்பைக் கைப்பற்றியது, திறந்த சந்தை அதோடு முறிந்தது. 1943 மார்ச் 11 அன்று விலைக் கட்டுப்பாட்டையே எடுத்துவிட்டார்கள். மார்ச்சில் 21, மே மாதம் 30-க்கு மேல், ஆகஸ்டில் 37. அக்டோபரில் சிட்டகாங்கில் 80, டாக்காவில் 105. கூலிக்காரனின் தினக்கூலி இதன் பக்கத்தில்கூட வரவில்லை. இந்த எண்கள் பின்னால் ஆய்வாளர் தோண்டி எடுத்தவை அல்ல. வாராவாரம் அரசின் மேசைக்கு வந்தவை. 'எங்களுக்குத் தெரியாது' என்ற வாதம் இதோடு முடிகிறது.

விலைக் கட்டுப்பாட்டை எடுத்ததற்கு ஒரு நியாயம் சொன்னார்கள், அது முழு அபத்தமும் அல்ல: கட்டுப்படுத்திய விலையில் யாரும் விற்க வரவில்லை, சரக்கு மறைந்துவிட்டது, விலையை விட்டால் வெளியே வரும் என்றார்கள். சாதாரணக் காலத்தில் இது பலிக்கும். பக்கத்து மாகாணங்கள் ஏற்றுமதிக்குத் தடை போட்டிருக்கும்போது, ராணுவமும் தொழிற்சாலைகளும் எந்த விலைக்கும் வாங்கும்போது, விலையை அவிழ்த்துவிட்டால் சரக்கு பணம் உள்ள பக்கம் ஓடும். பணம் கல்கத்தாவில் இருந்தது. அங்கே 1942 ஆகஸ்டிலேயே வங்காள வர்த்தக சபை தன் உறுப்பினர் ஆலைகளின் தொழிலாளருக்கு அரிசி தரும் திட்டத்தைத் தொடங்கியிருந்தது. சணல் ஆலை, ரயில்வே, துறைமுகம், அரசு ஊழியர் என்று 'அத்தியாவசிய' வகுப்புகளின் பட்டியல் போட்டு, அவர்களுக்கு மலிவு விலையில் போய்ச் சேர்ந்தது. போர் உற்பத்தி நிற்கக்கூடாது என்ற கோணத்தில் இது சரியாகவே வேலை செய்தது. பட்டியலில் இருந்தவர்கள் ஏறத்தாழ யாரும் பட்டினியால் சாகவில்லை. பட்டியலில் இல்லாதவன் கிராமத்தில் இருந்தான். போர்க்காலத்தில் இப்படிப் பட்டியல் போடுவதே குற்றம் என்று நான் சொல்ல மாட்டேன். பட்டியலுக்கு வெளியே விடப்பட்டவனுக்கு என்ன ஏற்பாடு என்று அதே கோப்பில் ஒரு பத்தி இல்லை என்பதுதான் குற்றம்.

இனி, என்னைப் பொறுத்தவரை இதில் மையமான விஷயம். பஞ்சம் வந்தால் என்ன செய்வது என்று தெரியாமல் திண்டாடிய அரசாங்கம் அல்ல அது. கையில் புத்தகம் இருந்தது. நம் பக்கத்துத் தாது வருஷப் பஞ்சத்தில் (1876-78) லட்சக்கணக்கானவர்கள் செத்த பிறகு, 1878-ல் ஆணையம் அமைந்து, 1880-ல் அறிக்கை தந்து, 1883-ல் மாதிரிப் பஞ்ச விதித்தொகுப்பு வந்தது. மாகாணங்கள் அதைத் தழுவிக்கொண்டன, வங்காளத்துக்கும் தன் கையேடு இருந்தது. அதில் என்ன இருக்கும் என்றால்: தானிய விலை ஏறுகிறதா, கடன் கிடைப்பது நிற்கிறதா, மக்கள் ஊர் ஊராக அலையத் தொடங்கிவிட்டார்களா, சில்லறைத் திருட்டு கூடுகிறதா என்று கலெக்டர் பார்க்க வேண்டும். சந்தேகம் வந்தால் சோதனை வேலை திறக்க வேண்டும், அதாவது மிகக் குறைந்த கூலிக்கு மண் வெட்டும் வேலை. அதற்கும் கூட்டம் வந்தால் பசி உண்மை. உடனே பஞ்சம் என்று அறிவிக்க வேண்டும். அறிவித்த கணத்திலிருந்து வேலை செய்யக்கூடியவனுக்கு வேலை, முடியாதவனுக்கு இலவச உணவு, இரண்டும் அரசின் கட்டாயக் கடமை. அளவு, கூலி, யார் பொறுப்பு எல்லாம் எழுதி வைத்தது.

1943-ல் வங்காள அரசு பஞ்சம் என்று அறிவிக்கவே இல்லை. ஏன் என்பதற்கு ஆவணமே இருக்கிறது. ஹெர்பர்ட் நோயில் விழுந்த பிறகு தற்காலிகக் கவர்னராக வந்த தாமஸ் ரூதர்ஃபோர்டு, அக்டோபர் தொடக்கத்தில் வைஸ்ராய்க்கு எழுதினார்: விதித்தொகுப்பு சொல்லும் அளவுக்குக் கொடுக்க எங்களிடம் உணவு இல்லை, அதனால்தான் அதை அமல்படுத்தவில்லை. நேர்மையான வாக்கியம், ஒரு விதத்தில். ஆனால் அதன் தர்க்கத்தைக் கவனியுங்கள். கடன் அடைக்கப் பணம் இல்லை, ஆகவே கடன் இருப்பதாக எழுதவில்லை. அறிவித்திருந்தால் என்ன நடந்திருக்கும்? மத்திய அரசுக்கும் லண்டனுக்கும் ஓர் எண் போயிருக்கும், இத்தனை லட்சம் பேருக்கு இத்தனை டன் சட்டப்படி தேவை என்று. அறிவிக்காததால் அது கோரிக்கையாகவே நின்றது, கோரிக்கையைத் தள்ளிப்போடலாம்.

போர்க்கால அதிகாரியின் தார்மீகத் தவறு என்றால் நமக்கு உடனே நினைவுக்கு வருவது கொடிய உத்தரவுக்குக் கீழ்ப்படிவது. அதைவிட அதிகம் நடப்பது இதுதான்: தன் மேல் கடமையைக் கொண்டுவரும் சொல்லை எழுதாமல் தவிர்ப்பது. 'துயரம்', 'பற்றாக்குறை', 'உணவு நிலைமை', 'ஆதரவற்றோர் பிரச்சினை' என்று எழுதலாம். 'பஞ்சம்' என்று மட்டும் எழுதக்கூடாது. இதற்கு யாரும் உத்தரவு போட வேண்டியதில்லை. அலுவலகத்தில் எல்லாருக்கும் தானாகப் பிடிபட்டுவிடும்.

இதன் இன்னொரு முகம் 1943 கோடையில் நடந்த 'அரிசி போதுமான அளவு இருக்கிறது' பிரசாரம். ஏப்ரலில் பதவியேற்ற நாஜிமுதீன் அமைச்சரவையில் உணவு வழங்கல் துறை ஹுசைன் ஷஹீத் சுஹ்ரவர்த்தியிடம் இருந்தது. பற்றாக்குறை இல்லை, பதுக்கல்தான் என்று சொல்லி ஜூனில் மாகாணம் முழுக்கப் பதுக்கல் தேடும் வேட்டை நடத்தினார்கள். கல்கத்தாவையும் ஹௌராவையும் மட்டும் அதிலிருந்து விலக்கினார்கள். பெரிய கிடங்குகள் இருந்த இடம் எது என்று கேட்க வேண்டியதில்லை. கிராமங்களில் பெரிதாக ஒன்றும் சிக்கவில்லை. பீதியைத் தணிக்கத்தான் அப்படிச் சொன்னோம் என்பது அவர்கள் பக்கத்து வாதம். பீதி தணிப்பது ஓர் அமைச்சரின் வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் பொய்யான நம்பிக்கை கொடுத்தால் அதைக் கேட்பவர்களில் உதவி செய்யக்கூடியவர்களும் இருக்கிறார்கள். பற்றாக்குறை இல்லை என்று வங்காள அமைச்சரே சொல்லும்போது பஞ்சாபும் டெல்லியும் லண்டனும் எதற்கு அவசரப்பட வேண்டும்?

அந்த மௌனத்தை உடைத்தது அரசுக்குள் இருந்த யாரும் அல்ல, வெள்ளையர் உடைமையான ஸ்டேட்ஸ்மன் பத்திரிகை. ஆசிரியர் இயன் ஸ்டீபன்ஸ் ஆகஸ்ட் 22 அன்று கல்கத்தாத் தெருவில் செத்துக்கொண்டிருந்தவர்களின் படங்களை அச்சிட்டார். எழுத்துக்கு இருந்த தணிக்கை விதிகளில் புகைப்படத்தைத் தெளிவாகத் தடுக்கும் வரி இல்லை என்பதை அவர் கவனித்திருந்தார். விதியைப் படித்து வேலை செய்வதற்கு எதற்கெல்லாம் வழியிருக்கிறது என்று பாருங்கள். அதே விதிப்புத்தகங்களைச் செயலகத்தில் எத்தனை பேர் கையில் வைத்திருந்தார்கள்!

லண்டன் பற்றி. இங்கே உறுதியானதும் சந்தேகமானதும் கலந்து கிடக்கின்றன. 1943 ஆகஸ்ட் 4 போர் அமைச்சரவைக் கூட்டத்தில், இந்தியா கேட்ட 5 லட்சம் டன் கோதுமைக்குப் பதிலாக ஈராக்கிலிருந்து ஒரு லட்சம் டன் வரை பார்லியும், ஆஸ்திரேலியக் கோதுமை 50,000 டன் கொழும்பு வரை கொண்டுவந்து நிறுத்துவதும்தான் முடிவானது. இந்தியாவுக்கான அமைச்சர் லியோ அமெரி கூட்டத்துக்குக் கூட்டம் வாதாடினார், தோற்றார், பதவியில் தொடர்ந்தார், நடந்ததை நாட்குறிப்பில் எழுதினார். சர்ச்சில் இந்தியர்களைப் பற்றிப் பேசிய விதம் பெரும்பாலும் அந்த நாட்குறிப்பால்தான் நமக்குத் தெரியும். இவ்வளவும் உறுதி. கப்பல் உண்மையிலேயே இல்லையா, அல்லது இருந்தும் தரவில்லையா என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் மோதுகிறார்கள். 1944 ஏப்ரல் கடைசியில் சர்ச்சில் ரூஸ்வெல்ட்டிடம் கோதுமைக் கப்பல் கேட்டு எழுதியதும், ரூஸ்வெல்ட் முடியாது என்றதும் உண்மை. அதற்குள் பெரும்பாலான சாவு நடந்து முடிந்திருந்தது என்பதும் உண்மை. 1942 அறுவடை எவ்வளவு குறைந்தது, பஞ்சத்துக்கு உணவுக் குறைவு எவ்வளவு காரணம், வாங்கும் சக்தி போனது எவ்வளவு காரணம் என்பதிலும் ஒரே முடிவு இல்லை. பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென் பின்னதைத்தான் முதன்மைப்படுத்துகிறார். புயலையும் நெற்பயிர் நோயையும் வைத்து மறுப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அதிகாரியின் பொறுப்புக்கு இந்த விவாதம் முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அரிசி இல்லாமல் செத்தாலும், அரிசி வாங்கக் காசில்லாமல் செத்தாலும், விதித்தொகுப்பு சொன்ன வேலை ஒன்றேதான்.

டெல்லிக்கு வருகிறேன். வைஸ்ராய் லின்லித்கோ அந்தப் பஞ்ச காலம் முழுவதிலும் ஒரு தடவைகூட வங்காளத்துக்குப் போகவில்லை. உணவு மாகாண விஷயம், 1935 சட்டப்படி மாகாண சுயாட்சி இருக்கிறது என்பது அவர் தரப்புக் காரணம். போர் அறிவிப்பில் எந்த மாகாணத்தையும் கேட்காதவர், காங்கிரஸ் தலைவர்களை ஒரே இரவில் சிறையில் போட்டவர், அரிசி விஷயத்தில் மட்டும் சுயாட்சியை மதித்தார். மத்தியில் உணவுக்கென்று தனித்துறையே 1942 டிசம்பரில்தான் வந்தது. 1943 அக்டோபரில் வேவல் புதிய வைஸ்ராயாகப் பதவியேற்றார். ஒரு வாரத்துக்குள் கல்கத்தாவில் இருந்தார், தெருவையும் மாவட்டங்களையும் பார்த்தார், ராணுவத்தை விநியோகத்தில் இறக்கினார். லாரி, படகு, ஆள் எல்லாம் முன்பே இருந்தவைதான். சட்டம் மாறவில்லை, போர் முடியவில்லை, நாற்காலியில் ஆள் மட்டும் மாறினார். 'போர்க்காலத்தில் வேறு என்ன செய்திருக்க முடியும்' என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் காட்டுவேன். டிசம்பரில் நல்ல அறுவடையும் வந்ததால் பட்டினி இறங்கியது. மலேரியாவும் அம்மையும் காலராவும் 1944 முழுக்க எடுத்தன.

ஒப்பிட இன்னும் ஓர் இடம் உண்டு. திருவிதாங்கூரும் கொச்சியும் வெளி அரிசியை நம்பியிருந்த அளவு வங்காளத்தை விட மிக அதிகம். பர்மா போனதும் அவற்றின் கழுத்தில்தான் கத்தி முதலில் விழுந்திருக்க வேண்டும். அங்கே கிராமம் வரைக்கும் ரேஷன் போட்டார்கள். பசி இருந்தது, சேர்த்தலைப் பக்கம் சாவும் இருந்தது, ஆகவே சாதனைக் கதையாக இதைச் சொல்லவில்லை. ஆனால் வங்காளம் ஆகவில்லை. பம்பாய் நகரத்தில் 1943 மே மாதம் ரேஷன் வந்தது. கல்கத்தாவில் 1944 ஜனவரி 31-ல்.

கீழ்நிலை அதிகாரிகளுக்கு வருவோம், உங்கள் கேள்வியின் அடிநாதம் அதுதான் என்று நினைக்கிறேன். கஞ்சித்தொட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆகஸ்டிலிருந்து மாகாணமெங்கும் ஆயிரக்கணக்கில் திறந்தார்கள். சரக்குப் போதாததால் ஒரு கட்டத்தில் ஆளுக்கு நாளைக்கு நான்கு அவுன்ஸ் தானியம் என்று குறைத்தார்கள். 113 கிராம். வெந்தால் ஒரு குவளை கஞ்சி, 400 கலோரி. படுத்துக்கிடப்பவனுக்கே அதுபோல மூன்று மடங்குக்கு மேல் வேண்டும். அரிசியோடு பழக்கமில்லாத கம்பு போன்ற தானியங்களையும் கலந்ததால், வற்றிப்போன குடல் தாங்காமல் வயிற்றுப்போக்கு கண்டு செத்தவர்கள் உண்டு. ஒருவர் இரண்டு இடத்தில் வாங்கிவிடக்கூடாது என்று எல்லாத் தொட்டிகளிலும் ஒரே நேரத்தில் ஊற்றச் சொன்னார்கள். அந்தத் தொட்டிக்குப் பொறுப்பான அதிகாரி கொலைகாரரா? இல்லை. இருந்ததைப் பங்கிட்டார். அவருடைய பொறுப்பு எங்கே தொடங்குகிறது என்றால், இந்த அளவில் உயிர் தங்காது என்று கண்ணால் கண்டதை மேலே எழுதினாரா என்ற இடத்தில். எழுதியவர்கள் இருந்தார்கள். மாவட்டங்களிலிருந்து எச்சரிக்கைகள் 1943 முதல் பாதியிலேயே போய்க்கொண்டிருந்தன, அவை நின்றுபோன இடம் செயலகம்.

எழுதுவதால் என்ன ஆகிவிடும் என்று நினைப்பவர்களுக்கு நம் ஊர் உதாரணம் ஒன்று. தாது வருஷப் பஞ்சத்தில் இந்திய அரசு அனுப்பிய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள், வேலைக்கு வருபவனுக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறு காசும் போதும் என்று வெட்டினார். சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ், உடல் எடை, வேலையின் கடுமை, உணவின் சத்து என்று கணக்குப் போட்டு இது போதாது என்று திரும்பத் திரும்ப எழுதினார். 1877 மே மாதம் சென்னை அரசு அளவைக் கூட்டியது. தாமதமாகத்தான், அதற்குள் பலர் செத்திருந்தார்கள். ஆனாலும் கூடியது, ஒரு மருத்துவரின் எதிர்க்குறிப்பால். அவர் எழுதியது 'மக்கள் துன்பப்படுகிறார்கள்' என்றல்ல, எண் போட்டு எழுதினார். 'நிலைமை கவலைக்கிடம்' என்று எழுதினால் மேலதிகாரி 'பார்த்தேன்' என்று ஓரத்தில் கையெழுத்துப் போட்டுக் கீழே அனுப்பிவிடலாம். 'என்னிடம் இத்தனை மூட்டை, வரிசையில் இத்தனை பேர், வியாழனோடு தீரும், இன்ன அதிகாரம் கொடுங்கள்' என்றால் அவர் ஆம் அல்லது இல்லை என்று எழுதியாக வேண்டும். பொறுப்பு மேசை மாறுவது அப்போதுதான்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் நூரம்பர்க்கை, அதாவது போருக்குப் பின் நாஜித் தலைவர்கள் மேல் நடந்த விசாரணையை, இங்கே இழுக்கிறார்கள். மேலிட உத்தரவு ஒருவரைப் பொறுப்பிலிருந்து விடுவிக்காது, வேறு தேர்வு அவருக்கு உண்மையில் இருந்திருந்தால், என்பது 1950-ல் ஐ.நா. சட்ட ஆணையம் வகுத்த நூரம்பர்க் கோட்பாடுகளில் நான்காவது. ஆனால் அது போர்க்குற்றம், மானுடத்துக்கு எதிரான குற்றம் போன்றவற்றுக்கு. தன் சொந்த மாகாணத்தில் பஞ்சம் அறிவிக்காமல் இருப்பது அதற்குள் எளிதில் வராது. 1977 ஜெனிவா கூடுதல் நெறிமுறையின் 54-ம் பிரிவு மக்களைப் பட்டினி போடுவதைப் போர்முறையாகப் பயன்படுத்தத் தடை விதிக்கிறது. அதிலேயே, படையெடுப்பைத் தடுக்கத் தன் கட்டுப்பாட்டில் உள்ள சொந்த மண்ணில், கட்டாய ராணுவத் தேவை இருந்தால் விலக்கு உண்டு. அதாவது படகு மறுப்பு போன்ற உத்தரவை இன்றைக்கு ஓர் அரசு போட்டாலும் அந்தப் பிரிவு அதற்குக் கதவு திறந்தே வைத்திருக்கிறது. இந்தியா அந்த நெறிமுறையில் சேரவும் இல்லை. எனவே 'சட்டப்படி தப்பில்லையே' என்பது இங்கே சரியான வாதம்தான், பாதி தூரம் மட்டும்.

கடைசிக் கேள்வி, யாராவது தண்டிக்கப்பட்டார்களா. 1944-ல் ஜான் வுட்ஹெட் தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது. அதன் செயலாளர் ஆர்.ஏ. கோபாலசாமி, பின்னால் 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்தியவர். உறுப்பினர்களில் ஒருவரான ஆக்ராய்டு, குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தின் இயக்குநர். 1945-ல் வந்த அறிக்கை, துணிச்சலான நடவடிக்கை எடுத்திருந்தால் இந்தத் துயரத்தைப் பெருமளவு தடுத்திருக்கும் சக்தி வங்காள அரசுக்கு இருந்தது என்று சொன்னது. சாவு 15 லட்சம் என்றது. கிராமத்துச் சாவுகளைப் பதிந்து அனுப்ப வேண்டிய சௌகிதார்களே (ஊர்க் காவலர்கள்) செத்தும் ஊரை விட்டும் போயிருந்ததால் பதிவேடு நம்பகமில்லை. ஆக்ராய்டே பிற்பாடு அந்த எண் குறைவு என்று ஒப்புக்கொண்டார். இன்றைய மதிப்பீடுகள் 21 லட்சத்திலிருந்து 30 லட்சம் வரை. தானியத்தில் அடித்த கொள்ளை லாபம் 150 கோடி, செத்தவன் ஒருவனுக்கு ஆயிரம் ரூபாய் என்று அறிக்கையே வகுத்துக் காட்டியது. சாட்சியங்களை மூடிய அறையில் கேட்டார்கள், பிறகு பிரதிகளை அழிக்கச் சொன்னார்கள். உறுப்பினர் மணிலால் நானாவதி தன் பிரதியை வைத்துக்கொண்டார். யார் எந்தத் தேதியில் என்ன சொன்னார்கள் என்று இன்று நாம் பேச முடிவதில் பெரும்பகுதி அந்தக் கட்டு டெல்லி ஆவணக் காப்பகத்தில் இருப்பதால்தான்.

வழக்கு யார் மேலும் நடக்கவில்லை. ஹெர்பர்ட் 1943 டிசம்பரில் நோயில் இறந்தார். லின்லித்கோவுக்கு அதே ஆண்டு பிரிட்டனின் மிக உயர்ந்த பட்டங்களில் ஒன்றான கார்ட்டர் விருது கிடைத்தது, ஊருக்குப் போய் மிட்லண்ட் வங்கியின் தலைவரானார். சுஹ்ரவர்த்தி 1946-ல் வங்காளத்தின் முதலமைச்சர், 1956-ல் பாகிஸ்தானின் பிரதமர்.